முக்காட்டுக்குப் போதாத சாறி

எங்கள் பக்கம் சாறி உடுப்பது தோளோடு முடிகிற வேலை அல்ல. முந்தானையை இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி எடுத்துத் தலையை மூடி, வலப்பக்கமாக முன்னால் இழுத்து இடுப்பில் செருக வேண்டும். அந்த முக்காடு இல்லாமல் ஒருத்தி கல்முனைக் கடைத்தெருவில் நடந்தால், அவள் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தது. பள்ளிக்கூடம் அக்கரைப்பற்றில். சாறி உடுத்து, தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். வாப்பாவுக்கு வேலை பிடித்திருந்தது, பஸ் பிடிக்கவில்லை.

"சனநெரிசலுக்க முக்காடு விழுந்தா என்ன செய்யிற? ஒரு தரம் விழுந்திச்செண்டா அந்த நாளோட வேலைய விட்டுடணும். ஓமா?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? இத்தனை வருடம் படித்த படிப்பு கடைசியில் ஒரு முழத் துணியில் தொங்குகிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

உம்மா குள்ளம். கடைச் சாறி அவருக்குப் போதும், மிஞ்சவும் செய்யும். நான் வாப்பாவைப் போல நெட்டை. கொய்யக மடிப்புகளை முன்னால் தாராளமாக வைத்தால் முந்தானை தலைக்கு எட்டாது. முந்தானையை நீளமாக விட்டால் கொய்யகம் ஒடுங்கிக் கால் அகலாது.

வாப்பா சோதித்துப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. வீட்டு வளவில் நின்ற மாமரத்தின் கீழே, உட்காருகிற வாங்கை இழுத்துப் போட்டார். வாங்குதான் பஸ் படி, மாங்கொப்புதான் பிடிகம்பி. முதலில் கால் அகலாமல் வாங்கில் ஏற முடியவில்லை. உள்ளே போய்க் கொய்யகத்தைக் கூட்டி உடுத்து வந்து ஏறினேன். கொப்பைப் பிடிக்கக் கையை உயர்த்தியதும் முக்காடு முதுகில் கிடந்தது. வாப்பா அஸர் தொழப் போய்விட்டார். நான் உள்ளே போய்ச் சாறியை உருவி எறிந்துவிட்டு அழுதேன்.

உம்மா அழவில்லை. மறுநாள் என்னை மருதமுனைக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு தறிக்காரர் முன்னால் நிறுத்தினார். "இந்தப் புள்ளைக்கி முக்காடு போட எட்டுற மாதிரிச் சாறி ஒண்டு நெய்ஞ்சு தாங்க."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். "அளவெல்லாம் கடைக்காரனுக்குத்தான் ராத்தா, தறிக்கில்ல. ஒரு முழம் கூட்டி நெய்யிறன்."

இளம்பச்சையில் கரும்பச்சைக் கரை போட்ட அந்தச் சாறி வாங்கையும் வென்றது, மாங்கொப்பையும் வென்றது.

முதல் நாள் வாப்பாவும் பஸ்ஸில் ஏறினார். அக்கரைப்பற்றில் நெல் அலுவல் இருக்கிறதாம். பொய் என்று எங்கள் வீட்டுக் கோழிக்கும் தெரியும். நெரிசலில் எனக்குப் பின்னால் நின்றார். நிந்தவூர் தாண்டியதும் மாடுகள் குறுக்கே வந்தன. டிரைவர் பிரேக் போட, நான் முன்னால் போனேன். பக்கத்தில் நின்றவரின் கூடையில் மாட்டிய முந்தானை வரவில்லை. முக்காடு மொத்தமாகக் கழன்றது. ஒரு கையில் கம்பி, மறுகையில் பை. பள்ளிக்கூட வாசலைக்கூடப் பார்க்காமல் வேலை போயிற்று.

பின்னாலிருந்து ஒரு கை துணியைக் கூடையிலிருந்து எடுத்து என் தலையில் போட்டது. முக்காடு போட்டுவிட்டுப் பழகாத கை. நெற்றியைத் தாண்டி இழுத்து என் கண்ணையும் சேர்த்து மூடிவிட்டது.

"கம்பிய உட்டுடாத, புள்ள" என்றார் வாப்பா.

அக்கரைப்பற்றில் இறங்கியவர் என் முகத்தைப் பார்க்காமலே எதிர்ப்பக்கம் போய்க் கல்முனை பஸ்ஸில் ஏறினார். அன்று முழுவதும் என்ன படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. இதுதான் முதலும் கடைசியும் என்று நினைத்தபடியே பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். வாப்பாவைக் காணவில்லை. உம்மா மட்டும் வாசல் கடப்படியில் நின்றார்.

"முக்காடு விழுந்திச்சா எண்டு வாப்பாக்கிட்டக் கேட்டன் மகள்."

"என்ன சொன்னாரு?"

"ஒரு முழம் போதாதாம். அடுத்த சாறிய ரெண்டு முழம் கூட்டி நெய்யச் சொல்லட்டாம்."