நூற்றியொரு வெடி

என் பேத்தி இருந்த ஊரின் மேல் ஏவுகணைகள் பறந்தபோது இரண்டு நாள் போனில் யாரும் கிடைக்கவில்லை. வளைகுடாவில் என் பெண் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. பேத்திக்கு ஏழு வயது. இரண்டாம் நாள் சாயங்காலம் நான் எங்கள் தெருவுக்கு அடுத்த தேவி கோவிலுக்குப் போய் நேர்ந்துகொண்டேன். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை வந்தால், குழந்தையின் நட்சத்திரத்தில் நூற்றியொரு பெரிய வெடி.

திருவனந்தபுரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். இங்கே வெடி ஒரு வழிபாடு. கவுண்டரில் நட்சத்திரம் சொல்லி ரசீது வாங்கினால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்: சின்ன வெடி நாலு, பெரிய வெடி நாலு. கோவிலுக்குப் பின்னால் இரும்புக் குழாயில் மருந்தை இடித்து ஒருவர் தீ வைப்பார். எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் ரிட்டையர் ஆன நாள் முதல் சாயங்காலக் காப்பியோடு அதை எண்ணுவது வழக்கம். அறிவித்ததைவிட ஒன்று குறைந்தால் எனக்குக் காப்பி இறங்காது. எங்கள் வீட்டில் அதை ஒரு வியாதி என்பார்கள்.

நேர்ந்துகொண்ட அன்றே போன் வந்தது. மூன்று பேரும் சௌக்கியம். பெண்ணும் பேத்தியும் இரண்டு நாடு சுற்றி, மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையை வேலையிலிருந்து விடவில்லை. அவர் அங்கேயே இருந்தார்.

வந்த அன்று சாயங்காலம் நான் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பெரிய வெடி நாலு என்று அறிவித்தார்கள். முதல் வெடி விழுந்ததும் பேத்தியைக் காணோம். கூடத்தில் இல்லை, அடுக்களையில் இல்லை. கடைசியில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு பூனை நுழையும் இடைவெளியில், காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்கோப்பா. எண்ணி முடிக்கட்டும்," என்றாள் என் பெண்.

அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் ஜன்னலை விட்டு விலகி நிற்க வேண்டும், நூறு வரை எண்ண வேண்டும். அதற்குள் இன்னொரு சத்தம் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. குழந்தை மூன்று முறை ஒன்றுக்குத் திரும்பி, பிறகு நூறை முடித்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றுமே நடக்காததுபோலப் பிஸ்கட் கேட்டாள்.

என் புத்தி உடனே கணக்குப் போட்டது. வேண்டாம் என்றாலும் அது கேட்காது. நூற்றியொரு வெடி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இவள் ஆறோ ஏழோ எண்ணலாம். நூறு வரவே வராது. அத்தனை நேரமும் அந்த இடுக்கில் ஒன்று முதல் ஏழு வரை சொல்லிக்கொண்டு நிற்பாள். அது அவள் பெயரில், அவள் நட்சத்திரத்தில், அவள் தாத்தா ஏற்பாடு செய்தது.

மறுநாள் கவுண்டருக்குப் போய், வெடிக்குப் பதிலாகப் பாயசம் வழிபாடாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"வெடி நேர்ந்தா வெடிதன்னே சாமி. சத்தமில்லாத்த வெடி இவிடே ஸ்டாக் இல்லா," என்றான் உள்ளே இருந்தவன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவன் கெட்டவன் அல்ல. விஷயத்தைக் கேட்டபின், அன்றைக்கு மட்டும் குழந்தையை வேறெங்காவது கொண்டுபோனால் போதுமே என்று யோசனையும் சொன்னான்.

என் மனைவிக்கு அது தேவியே சொன்னதுபோல இருந்தது. நேர்ந்ததைக் கொடுக்காமல் வைத்திருப்பது அவளைத் தின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை இன்னும் அங்கேதானே இருக்கிறார், கடனை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அவருக்காக வேண்டுவது என்பாள். அது எனக்கும் பயம்தான். அவளைப்போல நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குழந்தையின் நட்சத்திரம் வந்த நாளில் மனைவி கோவிலுக்கு என்றும், நாங்கள் மூவரும் கல்லாற்றுக்கு என்றும் முடிவாயிற்று. விதுரா வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. பொன்முடி மலையின் அடிவாரத்தில் பாறைகளுக்கு நடுவே ஆறு ஓடுகிறது. அதன் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. பேத்தி முழங்கால் தண்ணீரில் நின்று கூழாங்கல் பொறுக்கினாள். ஊருக்கு வந்தபிறகு அவள் உரக்கச் சிரித்தது அங்கேதான். நான் கல்லை எண்ண ஆரம்பித்து, அவள் என்னைத் தப்பு தப்பாக எண்ணவைக்க, இரண்டு தடவை விட்டுவிட்டேன்.

சாயங்காலம், கோவிலில் வெடி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். என் பெண் கரையிலிருந்து போனை நீட்டிப் பிடித்தாள். குழந்தை கல்லைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. குழந்தை கையிலிருந்த அத்தனை கல்லையும் போட்டுவிட்டு, தண்ணீரிலேயே குந்தி, காதைப் பொத்தினாள். உதடு அசைய ஆரம்பித்தது.

லாரிக் கதவைச் சாத்தினார்கள், வேறொன்றுமில்லை என்றார் மாப்பிள்ளை. இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை அவர் முகம் போனைப் பார்க்கவில்லை.

என் பெண் ஆற்றில் இறங்கிக் குழந்தைக்குப் பக்கத்தில் புடவையோடு உட்கார்ந்தாள். தொடவில்லை. என்னைப் பார்த்து, "இன்னும் எவ்வளவு தூரம் கூட்டிண்டு போகணும்ப்பா? இவ பயப்படாம இருக்கறதுக்கு நாம யாருக்கு என்ன கொடுக்கணும்?" என்று கேட்டாள்.

மனிதராகப் பிறந்த எல்லாருக்கும் சமாதானம் அடிப்படை உரிமை என்று பேப்பரில் ஒரு கட்டுரை படித்திருக்கிறேன். நல்ல வார்த்தைதான், ஆனால் எந்த ஆபீசில் போய்க் கேட்பது என்று அன்றைக்கு மனைவியிடம் கிண்டல் செய்தேன். அந்தக் கரையில் எனக்குக் கிண்டல் வரவில்லை. நான் தேவியிடம் கேட்டது வரம். வரத்துக்கு ஒரு விலை சொல்லி, ஒப்புக்கொண்டு வந்தேன். என் பேத்தியோடு அதே வகுப்பில் ஒன்றிலிருந்து நூறு எண்ணிய மற்ற பிள்ளைகளுக்கு எந்தத் தாத்தா எங்கே நேர்ந்துகொண்டார்? யாரும் நேர்ந்துகொள்ளாத பிள்ளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? மூச்சு விடுவதற்காக யாரும் வெடி நேர்வதில்லை. பயமில்லாமல் இருப்பதும் அப்படி, பிறக்கும்போதே கையில் இருக்க வேண்டியது. அவளிடமிருந்து பிடுங்கப்பட்டதை நான் காசு கட்டி வாங்கப் போயிருந்தேன். அதுவும் அதே சத்தத்தைக் கொடுத்து.

நான் மனைவியைப் போனில் கூப்பிட்டேன்.

"ரசீது வாங்கியாச்சு. அடுத்தது நம்மளதுதான்," என்றாள்.

"வேண்டாம்னு சொல்லிடு."

அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் யாருடைய நட்சத்திரமோ கேட்டது. "மாப்பிள்ளை அங்க இருக்கார்ங்கறது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. வேண்டாம்."

அவள் கவுண்டரில் என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வெடி போடவில்லை. நாங்கள் வீடு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தது, சாப்பாடு வைத்திருந்தது, அவள் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு பேத்திக்குத் தோசை வார்த்துக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள், அவருக்கு ஏதாவது ஆனால் அது உங்கள் தலையில்தான் என்று. நான் சரி என்றேன்.

கோவிலில் இப்போதும் சாயங்காலம் வெடி உண்டு. அது மற்றவர்களின் நன்றி, மற்றவர்களின் பயம். அதை நிறுத்தச் சொல்லி ஒரு மனு எழுதினேன். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. போன் அடித்தால் நான்தான் முதலில் எடுக்கிறேன். அவர் குரல் கேட்கும்வரை உட்காருவதில்லை. நான் செய்தது சரி என்றுதான் அப்போதும் நினைக்கிறேன்.