ஆணி அடிக்கக் கூடாது

என் அம்மா பதினாறு வீடுகளில் வாடகைக்கு இருந்தார். நின்றுகொண்டு தலை சீவியது அதில் ஒரு வீட்டில்தான். அதுவும் மூன்று மாதம்.

வீடு மாறியதற்குக் காரணம் அப்பா. அவருக்கு ரோஷம் அதிகம். தறிக்குடோன் முதலாளி ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் போதும், அன்றைக்கே வேலையை விட்டுவிடுவார். மறுநாள் வாசலில் டெம்போ நிற்கும். பல்லடம், சோமனூர், சென்னிமலை, திரும்பவும் பல்லடம். ரோஷம் அப்பாவுடையது, மூட்டை கட்டுவது அம்மாவுடையது. அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நியாயம் பேசிக்கொண்டு வருவார். அம்மா பின்னால் கட்டிலுக்கும் குடத்துக்கும் நடுவில் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி. ஒரு முழ உயரம் இருக்கும். ஒரு மூலை உடைந்தது. அதைச் சுவரில் மாட்ட வேண்டும், நின்றுகொண்டு முகம் பார்த்துத் தலை சீவ வேண்டும். அம்மா வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது இது ஒன்றுதான்.

அதற்கு ஓர் ஆணி வேண்டும். ஆணிக்கு வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் ரொம்ப மரியாதையானவர்கள்.

"வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க. ஆணி மட்டும் அடிக்கப்படாதுங்க."

அவர்கள் வீட்டுச் சுவரில் சாமி படமும் காலண்டரும் போக மிச்ச இடம் இருக்காது. அது அவர்கள் சுவர்.

அதனால் கண்ணாடி அரிசி டின்மேல் சாய்ந்தே இருந்தது. அம்மா அதற்கு முன்னால் குத்தவைத்துத் தலை சீவிவிட்டு, தறிக்கு நூல் தார் சுற்றும் வேலைக்கு ஓடுவார்.

பல்லடத்தில் ஒரு தடவை துணிந்துவிட்டார். தறிக்குடோனில் கிடந்த ஆணி ஒன்றைக் கொண்டுவந்து அம்மிக்குழவியால் அடித்தார். அந்த மூன்று மாதம் நின்று தலை சீவினார். அப்புறம் அப்பாவுக்கு ரோஷம் வந்தது. அம்மா ஆணியைப் பிடுங்கி, வெள்ளைப் பல்பொடியைக் குழைத்து ஓட்டையை அடைத்தார். வீட்டுக்கார அம்மா சாவி வாங்க வந்தார். வைத்தியர் வயிற்றைத் தடவுகிற மாதிரி சுவரைத் தடவினார். கண்டுபிடித்துவிட்டார்.

"செவுத்துக்கும் உசுரு இருக்குது அம்மணி."

"வலிச்சிருந்தா சொல்லியிருக்குமுங்களே," என்றார் அம்மா.

அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஆணி பற்றிப் பேசவில்லை.

அப்பா இறந்த பிறகும் அம்மா பல்லடத்தில் ஒற்றை அறையில் இருந்தார். போன தை மாதம் நான் கோயமுத்தூரை ஒட்டி இரண்டு அறை வீடு கட்டினேன். எனக்கு லேத் பட்டறையில் வேலை. நாள் முழுக்க இரும்பில் ஓட்டை போடுகிறவன். அம்மாவை அழைத்து வந்தேன். பஸ்ஸில் கண்ணாடி மடியில் இருந்தது.

வந்ததும் கேட்டார். "இங்க ஒரு ஆணி அடிச்சுப்போடு கண்ணு."

நான் சுவரைப் பார்த்தேன். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"பட்டி பாத்த செவுருங்கம்மா. ஆணி அடிச்சாப் பேந்துபோயிரும்."

அம்மா சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"சரிங்க," என்றார்.

எனக்கு நாற்பத்திரண்டு வயசு. அம்மா என்னை 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அரிசி டின் எங்கே இருக்கிறது என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் கேட்டார். "ஏனுங்க, மொட்டமாடில துணி காயப்போடலாமுங்களா?" சாயங்காலம் கேட்டார். "மோட்டாரு எத்தன மணிக்குப் போடுவீங்க?" கொண்டுவந்த மூட்டையின் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. என் மனைவி சிரித்தாள்.

"வாடகை எத்தனாந் தேதின்னு மட்டுந்தான் உங்கம்மா இன்னும் கேக்கலீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுவரைத் தாண்டும்போதெல்லாம் அழுக்குப் பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் போனேன். வீட்டுக்காரன் ஆவதற்கு எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து டிரில்லிங் மெஷினை எடுத்து வந்தேன்.

"எங்க வேணும், சொல்லுங்கம்மா. நடு ஹால்ல வேணும்னாலும் போடறேன்."

அம்மா எழுந்தார். ஹாலைச் சுற்றி வந்தார். நான்கு சுவரும் காலியாகத்தான் இருந்தன. ஒன்றையும் தொடவில்லை. அறைக்குள் போனார். திறந்திருந்த கதவை இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த சுவரில், தன் முகத்துக்கு நேராக விரலை வைத்தார்.

"ஏனுங்கம்மா, அங்க போயி?"

"கதவத் தொறந்து வெச்சுட்டா யாருக்கும் தெரியாது கண்ணு," என்றார். "வெளிய போச்சொன்னா, பல்பொடி வெச்சு அடச்சுக்கலாம்."

நான் ஓட்டை போட்டேன். பெயிண்ட் கொஞ்சம் பேந்தது. அம்மா முந்தானையால் துடைத்தார்.