மாமாவின் கார் ரேடியோவைக் கழற்றியபோது

மாமாவின் மொறிஸ் மைனர் காரில் இருந்த ரேடியோவுக்கு இரண்டு குமிழ்கள். இடப்பக்கத்துக் குமிழ் சத்தத்துக்கு. அது கடைசிவரை புதிது போலவே இருந்தது. வலப்பக்கத்தது நிலையம் மாற்றுவதற்கு. அதன் ஓரத்து வரிகளெல்லாம் மாமாவின் பெருவிரலில் தேய்ந்து, குமிழே ஆற்றுக் கல்லைப்போல் வழுவழுப்பாகிவிட்டிருந்தது. ஒரு நிலையத்தில் ஒரு வாக்கியம் முடியுமுன் அவர் விரல் அடுத்ததற்குப் போய்விடும். கொழும்பு சொன்னதைக் கடல் கடந்த நிலையமொன்றில் சரிபார்ப்பார், அதை மூன்றாவதொன்றில். மூன்றும் ஒத்துப்போனால் அவருக்கு நிம்மதி வரவேண்டும். வராது. ஒத்துப்போவதில்தான் ஏதோ பிசகு இருக்கிறது என்பார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. குருக்கள்மடத்தில் பிறந்த மாமா கலியாணம் கட்டி மட்டக்களப்பு நகரில் மாமியின் வீட்டுக்கு வந்தபோது, தனக்கென்று கொண்டுவந்தது அந்தக் காரை மட்டும்தான். வீடு, கிணறு, தென்னைகள், வாவிக்கு அப்பால், வட்டை என்று நாங்கள் சொல்லும் வவுணதீவு வயல்வெளியில் இருந்த காணி எல்லாம் மாமியின் சீதனம். மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை முடிந்து வந்ததும், மாமா தேநீர்க் கோப்பையோடு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கார் நிற்கும், ரேடியோ ஓடும். அவருக்கு வீடு என்று இருந்தது அதுதான் என்று பிற்காலத்தில் எனக்குப் பட்டது. யாராவது கண்ணாடியருகே வந்தால் ஒரு விரலை உயர்த்துவார்.

"உஷ். செய்தி போகுது."

தன் அக்காவின் மகனான என்னை மட்டும் பக்கத்தில் உட்கார விட்டார். நான் வாய் திறக்கமாட்டேன் என்பதே காரணம். நடந்தவற்றை நாளும் நேரமும் பார்த்து நினைவில் வைக்கும் பழக்கம் அந்த இருக்கையில்தான் என்னைப் பிடித்தது, இன்னும் விடவில்லை. சண்டை மூண்ட வருடங்களில் பெற்றோல் கிடைக்காமல் காரைக் கல் அடுக்கி ஏற்றிவைத்தார்கள். அப்போதும் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் எங்காவது சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்துவிடுவார். வாவிக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்கும். தன் காதை நம்பாமல், ரேடியோ சொல்லட்டும் என்று காத்திருப்பார். பல நாட்கள் ரேடியோ அதைச் சொல்லவே இல்லை. அந்த நாட்களில் குமிழ் ஒரு நிமிடமும் ஓய்ந்திருக்காது.

போன தை மாதம் மாமா காலமானார். கார் மருமகனுக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஓர் ஆணிகூட மாறாமல் அதைப் பழையபடி வைத்திருக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த கையோடு மாமி என்னைக் கூப்பிட்டார்.

"காரக் கொண்டு போ மருமகன். ஆனா அந்த ரேடியோவக் கழட்டிப்போட்டு வேற ஒண்டு பூட்டு. பூட்டினாப் பொறகு என்ன முன் சீற்றில வெச்சு வட்டைக்குக் கூட்டிக்கொண்டு போ."

"மாமி, அது காரோட வந்த ரேடியோ. அதக் கழட்டினாக் கார் காரா இரிக்காது."

"இல்லாட்டிப் போகட்டும். இவ்வளவு காலமும் பின் சீற்றில இரிந்து அந்த மனுசன்ட பிடரியத்தான் பாத்தன். வாய் திறந்தா விரலக் காட்டுவார்."

ஒரு கிழமை தள்ளிப்போட்டேன். பிறகு இன்னொரு கிழமை. பத்திரிகையை விரித்தால் மனம் நிற்கவில்லை. எழுந்து போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். கனடாவில் இருக்கும் மச்சாள், மாமாவின் ஒரே மகள், விஷயம் கேள்விப்பட்டு அழைத்தார். "அப்பாட ரேடியோல ஒருத்தரும் கை வெக்கப்படாது" என்றார். இரண்டு பேருக்கும் நான் "ஓம்" என்று சொல்லியிருந்தேன்.

கடைசியில், ஓட்டமாவடியிலிருந்து பழைய வாகனங்களுக்கு வயர் வேலை செய்யும் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் இருக்கையில் மல்லாந்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவர், உள்ளேயிருந்தே சிரித்தார்.

"அண்ணன், இந்தக் கார் ஊர்க் காருக்கெல்லாம் மாறாக் கிறுகி நிக்கிது. பற்றரிட பொசிட்டிவக் கொண்டுவந்து காரிட பொடித் தகட்டில குடுத்திரிக்கான் வெள்ளக்காரன். இப்பத்த ரேடியோவ இதில பூட்டினா பாட்டு வராது, புகைதான் வரும்."

பற்றரியைத் திருப்பிப் பூட்டி, டைனமோவையும் அதற்கேற்ப மாற்றவேண்டுமாம். மாற்றிய பிறகு பழைய ரேடியோவைத் திரும்பப் பூட்டினால் அது எரிந்துபோகுமாம்.

"சொல்லுங்க, கழட்டவா, உடவா? அஸர் தொழுகைக்கு முன்ன நான் போகணும்."

ஒரு ரேடியோவுக்காக ஒரு காரின் மின்னோட்டம் முழுவதையும் திருப்புவதா? மாமி பிளேன்ரீயோடு வந்தார். கோப்பையைக் காரின் கூரையில் வைத்துவிட்டு, சாரதிப் பக்கக் கதவருகே நின்றார்.

"இந்த இடத்திலதான் நிண்டனான். மகள் வயித்தில. நோவு துவங்கிற்று எண்டு சொல்ல வந்தன். விரலக் காட்டினார். செய்தி முடியட்டும் எண்டு கதவப் புடிச்சுக்கொண்டு நிண்டன். செய்தி முடிஞ்சு, கடல் காலநிலையும் முடிஞ்சுது. வள்ளமும் இல்ல, வலையும் இல்ல, அந்த மனுசனுக்குக் கடல் என்னத்துக்கு? பொறகு கேட்டார், 'என்னகா?' எண்டு. ஒண்டுமில்ல எண்டு சொல்லிப்போட்டு, நானே நடந்து மருத்துவிச்சி வீட்ட போனன்."

மச்சாள் பிறந்த அன்று மாமா வேலை விஷயமாகக் கொழும்பில் நின்றார் என்பதே எங்கள் குடும்பம் அறிந்தது. மச்சாள் அறிந்ததும் அதுதான். நானும் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தேன்.

"கொழும்புக்குப் போனவரெண்டு ஆர் சொன்னது மாமி?"

"நான்தான். ஊர் சிரிக்கும் எண்டு பயந்தன்."

டாஷ்போர்டுப் பக்கம் குனிந்தேன். "கழட்டுங்க தம்பி" என்றேன்.

அவர் குமிழ்களை இழுத்தெடுத்து, அவற்றின் பின்னால் இருந்த இரண்டு நட்டுகளைக் கழற்றியதும், ரேடியோ தூசியோடு சரிந்து அவர் நெஞ்சில் வந்து இறங்கியது. அது இருந்த இடத்தில் மட்டும் தகட்டின் பச்சை நிறம் வெயில் படாமல் அப்படியே இருந்தது. வருடம் கண்டுபிடிக்கலாம் என்று அடிப்பக்கத்து இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். பாதி எழுத்துகள் துருவில் போய்விட்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாமி முன் இருக்கையில் ஏறினார். புதிய ரேடியோவை வயர் வேலைக்காரர் என் கைபேசியோடு இணைத்துவிட்டிருந்தார். வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டு அறுந்தது. மணி ஒலித்தது. பொத்தானை அழுத்தியதும் மச்சாளின் குரல் காரை நிறைத்தது.

"மச்சான், ரேடியோவக் கழட்டிற்றீங்களாம்! அம்மா சொன்னா உடன செய்யிறதா? அந்த வீட்டில அப்பாட எண்டு இரிந்தது அது ஒண்டுதானே!"

நான் அழைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டினேன். மாமி என் கையை ஒதுக்கிவிட்டு, ரேடியோவை நோக்கிக் குனிந்தார்.

"நான்தான் கழட்டச் சொன்னன் மகள். ஏனெண்டு சொல்றன். முடியுமட்டும் இடையில கதைக்காமக் கேக்கணும்."

"நீங்களும் வாகனத்திலயா இரிக்கீங்க? சரிம்மா, சொல்லுங்க."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பாலம் முடிந்து வயல்கள் தொடங்கிவிட்டன. ரேடியோவில் மச்சாளின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ பிறந்தண்டைக்கு உன்ட அப்பா கொழும்பில இல்ல..."

வட்டைக்குத் திரும்பும் மண்பாதை வந்தது. நான் திரும்பவில்லை. வேகத்தைக் குறைத்து, நேரே ஓட்டிக்கொண்டு போனேன்.