பின்சக்கரத்துக்கு ரெண்டு பேர்

சுமலதாவும் அவள் புருஷன் ஜெகதீஷும் பேசி மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரே அறை, ஒன்றரை வயசுப் பிள்ளை. இதற்குள் பேசாமல் இருப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? "சாப்பாடு ஆயிடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு பாப்பா" என்று பிள்ளையை வைத்துத்தான் குடும்பம் ஓடியது. பிள்ளைக்கோ இன்னும் பேச்சே வரவில்லை.

ஓசூரில் ஒரு பைக் கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே லைனில் நின்றவர்கள். அவள் பக்கத்திலுள்ள பேரிகை ஊர்க்காரி, வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். அவன் விருதுநகர்ப் பக்கமிருந்து ஐடிஐ முடித்து வந்தவன். வண்டி நகர்ந்து வரும்போது பின்சக்கரத்தில் புஷ் வைத்து, சக்கரத்தைத் தாங்கும் ஆக்ஸில் கம்பியைச் செருகுவது அவள் வேலை. எதிர்ப்பக்கம் நின்று நட்டைப் போட்டு மிஷினால் இறுக்குவது அவன் வேலை. புஷ் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இரும்பு வளையம். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு வண்டி. நானூறு தடவையும் அவள் தள்ளிய ஆக்ஸில் அவன் பக்கம் முனை நீட்டும். அவன் வாங்கிக்கொள்வான். காதல் வராமல் என்ன செய்யும்? அவள் வீட்டில் குதித்தார்கள், அவன் வீட்டில் அழுதார்கள், கல்யாணம் ஆகிவிட்டது.

பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போகிறேன் என்றாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரம்மா முனிலட்சுமியும் சரி என்றுவிட்டாள். ஜெகதீஷுக்கு அன்று நாக்கில் சனி. சோற்றைப் பிசைந்துகொண்டே, "புஷ் வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா? யாரை நிப்பாட்டினாலும் செய்வாங்க" என்றான்.

ஐந்து வருஷம் செய்த வேலை. அவள் கை பட்ட ஒரு வண்டியாவது குறை என்று திரும்பி வந்ததுண்டா? அந்த ஐந்து வருஷத்தையும் ஒரு வாய்ச் சோற்றோடு விழுங்கிவிட்டானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவனாக வந்து பேசாமல் வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை அவன் வண்டியின் பின்டயர் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய் ஒட்டி வந்து, வாசலில் உட்கார்ந்து மாட்டினான். எப்போதும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். அன்றைக்கு உள்ளேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காதை யார் கட்டிப்போடுவது? ஸ்பேனரில் பைப்பைச் செருகி அவன் முக்கி முக்கி இறுக்கியது கேட்டது. சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் கேட்டது. சர்ரென்று ஓட வேண்டியது அரைச்சுற்றில் நின்றது. பிரேக் பிடிக்கிறது என்று நினைத்து அந்த மகராசன் பிரேக் நட்டையும் லூசாக்கினான். இது சரியில்லை என்று அவள் மனசு சொன்னது. வாய் வரவில்லை. செகண்ட் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று அவன் கிளம்பிப் போனான்.

அவன் போன கையோடு பாப்பா எதையோ வாயில் போட்டுச் சப்புவதைப் பார்த்து, விரலை விட்டு எடுத்தாள். கிரீஸும் எச்சிலுமாக ஒரு வளையம். கண்ணால் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே தெரிந்துவிட்டது.

போன் போட்டாள். எடுக்கவில்லை. அவனுக்கும் ரோசம். தெரு முடிகிற இடத்தில் ரோடு பள்ளமாக இறங்கி, லாரி ஓடுகிற ஹைவேயில் சேரும். பிரேக்கும் இல்லாமல், நடுவில் சக்கரமும் பிடித்தால்? பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். செருப்பு போடவும் தோன்றவில்லை. "தேவுடா, தேவுடா" என்று தெலுங்கில் முனகிக்கொண்டே ஓடினாள்.

ரேஷன் கடைக்கு முன்னால் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வண்டி இழுக்காமல் முனகியதால் நிறுத்தி, பிரேக்கை இன்னும் லூசாக்கிக்கொண்டிருந்தான். இவள் மூச்சு வாங்கியபடி கையை விரித்துக் காட்டினாள். புஷ்ஷைப் பார்த்தான், கீழே அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

பிள்ளையை ரேஷன் கடை வாசலில் உட்கார்த்திவிட்டு, இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். அவன் நட்டைக் கழற்றினான். அவள் ஆக்ஸிலை உருவி, புஷ்ஷைத் துடைத்து வைத்து, திரும்பச் செருகினாள். முனை அவன் பக்கம் வந்தது. சட்டத்தில் இரண்டு பக்கமும் போட்டிருக்கும் செயின் அளவுக்கோட்டில் சக்கரம் ஒன்றுபோல நிற்கிறதா என்று அவள் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அவன் இறுக்கினான். பிரேக்கை அவளே சரிசெய்தாள். சுற்றிவிட்ட சக்கரம் நிற்கவே மாட்டேன் என்றது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ லைன்ல நின்ன வரைக்கும் புஷ் இருக்கான்னு நான் ஒரு வண்டியிலயும் பாத்ததில்ல சுமா. இப்ப வர்ற ஒவ்வொரு வண்டியயும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் நட்டு போடுறேன்."

"அப்புறம் இன்னைக்கு ஏன் பாக்கல?"

"வீட்டுலதான் நீ இருக்கேல்ல. அந்தப் பழக்கத்துல விட்டுட்டேன்."

அவளுக்குத் தாங்கவில்லை. அழுதுவிட்டாள். "நான் கேட்டுகினுதான் இருந்தேன். சக்கரம் நிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வேணும்னே சொல்லல."

ஷிஃப்டுக்கு சங்கு ஊதும் நேரம் தாண்டியிருந்தது. அவன் கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

"நான் பேசுன பேச்சுக்கு எவ சொல்லுவா?" என்றான். "ஏறு. கேட்ல உன் பேரக் குடுத்துட்டு வந்துருவோம்."

"இந்த நைட்டியோடவா?"

"போய் மாத்திட்டு வா. நான் நிக்கிறேன்."

ஆறு வருஷத்தில் ஒரு நாளும் லேட்டாக கார்டு போடாத மனுஷன், பிள்ளையை வைத்துக்கொண்டு ரேஷன் கடை வாசலில் நின்றான்.