பேசினு இருங்க

நோன்பு மாதத்தில் ஒரு நாள் என் கணவர் பிற்பகல் அசர் தொழுகையை வீட்டிலேயே தொழுதார். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். தொழுது முடித்ததும் என்னிடம் மணி கேட்டார். சொற்கள் குழைந்து வந்தன.

“நோன்புல நாக்கு ஒட்டிக்கினு கீது. கஞ்சி குடிச்சா சரியாயிடும்” என்றேன்.

நோன்பு திறந்து கஞ்சி குடித்தார். பேச்சு சரியாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு சந்தேகமே வரவில்லை. அந்த மாதத்தில் தலை சுற்றினாலும் நாக்கு குழறினாலும் நோன்புதான் காரணம். சரியான வேளையில் வந்து எங்களை ஏமாற்றிய அந்தக் கஞ்சிமேல் எனக்கு இன்னும் கோபம்.

தி.நகரில் எங்களுடையது லைனிங் துணிக் கடை. பெருநாள் கூட்டத்துக்கு நடுவே ஒரு மதியம் அவர் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேர்வதற்குள் கை பழையபடி அசைந்தது. “கடையில கூட்டம் நிக்குது, போலாம்” என்று எழுந்துவிட்டார். டாக்டர் விடவில்லை. மூளைக்கு ஸ்கேன், பிறகு இதயத்துக்கு எக்கோ.

இதயத்தின் இடது மேலறையில் ஒரு கட்டி. கேன்சர் இல்லை. ஜெல்லி மாதிரியான அதிலிருந்து துணுக்குகள் உடைந்து ரத்தத்தோடு மூளைக்குப் போகின்றன, பேச்சும் கையும் அதனால்தான் என்றார் டாக்டர். குனிந்து எழும்போது கட்டியே ரத்தம் போகும் வழியை மறைக்கிறதாம், அதுதான் தலைசுற்றல். மறுநாள் காலை நெஞ்சைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார். அதற்குள் இன்னொரு துணுக்கு உடையாது என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

நாத்தனார் போனில், “கேன்சர் இல்லல்ல? அல்ஹம்துலில்லாஹ். சாதாக் கட்டிதானே!” என்றாள். சாதாவாம்! போனை வைத்துவிட்டேன்.

அன்று இரவு ஆஸ்பத்திரியில் என்னால் உட்காரவே முடியவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எதைக் கேட்டாலும் “ம்” என்பதோடு நிறுத்திக்கொள்கிற மனிதர் அவர். அன்று அந்த “ம்” எனக்குப் போதவில்லை. நாக்கு குழறுகிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கடைக்கு வழி கேட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்று கேட்டேன். பதில் சற்றுத் தாமதமானாலும் அதையே மறுபடி கேட்டேன்.

“இன்னாத்துக்கு இப்படி நச்சரிக்கிற?”

“நீங்க பேசினு இருங்க. அது போதும்.”

பேசினார். கறுப்பு லைனிங் ஏன் முதலில் தீர்கிறது, என் தம்பியை அவருக்கு ஏன் பிடிக்காது, எல்லாம் வெளியே வந்தது. வேறொரு நாளாக இருந்தால் தம்பிக்காகச் சண்டை பிடித்திருப்பேன். அன்று இன்னும் திட்டட்டும் என்றிருந்தது.

ஆபரேஷன் முடிந்து பார்க்க விட்டபோது தொண்டையில் குழாய் இருந்தது. கை காலை அசைத்துக் காட்டினார். பேச்சைப் பற்றிக் கேட்டேன். குழாயை எடுத்தால்தான் தெரியும் என்றார் நர்ஸ்.

மறுநாள் குழாயை எடுத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் சேர்த்துக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் போனதும் ஒன்றும் வரவில்லை. அவரே கண்ணைத் திறந்து பார்த்தார். குரல் கரகரத்தது, ஆனால் ஒரு எழுத்துகூடக் குழையவில்லை.

“இன்னா, இன்னைக்கு ஒன்னும் கேக்கலயா?”

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்குத்தான் பேச்சு வரவில்லை.