மறுபடி பார்க்க வராதவர்

டீமேக்கர் ஐயா, என் அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று நீங்கள் தோட்டத் துரையிடம் சொன்னது பொய்.

அண்ணன் நீங்கள் பொறுப்பாக இருக்கும் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் நின்றவர். அந்த இரைச்சலில் காது மங்கியது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். "காது கேக்கலன்னு யாரு சொன்னா?" என்றீர்கள்.

அதற்காகத்தான் மாத்தளை டவுனில், நான் ரேடியோ திருத்தும் கடையில், காதைச் சோதிக்கும் மெஷின் ஒன்றைக் கட்டினேன். மைக்ரோகன்ட்ரோலரின் எட்டுக் கால்களிலிருந்து எட்டு வயர். அவை போய்ச் சேரும் சிப், 0 முதல் 255 வரையான எண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தரும். எண்கள் வேகமாக ஏறி இறங்கினால் ஹெட்போனில் மெல்லிய விசில் வரும். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும்.

உங்கள் ரேடியோவை எடுக்க நீங்கள் வந்தபோது அண்ணனும் கடையில் இருந்தார். "இப்பவே பாத்திடுவோமே" என்றீர்கள். "மெஷினு வேல இன்னும் முடியலீங்கய்யா" என்றேன். நீங்கள் விடவில்லை. அண்ணன் ஒவ்வொரு முறையும் அமுக்கினார்.

"ஒங்க மெஷினே சொல்லுதே தம்பி! ஒங்க அண்ணனுக்குப் பாம்புக் காது" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள்.

"விசிலு கேட்டுச்சா?" என்று அண்ணனிடம் கத்திக் கேட்டேன்.

"விசிலா? டொக்கு டொக்குன்னுல்ல கேட்டுச்சு. அதுக்குத்தான் அமுக்குனேன்."

காரணம் அன்றே பிடிபட்டது. விசில் இல்லாத நேரத்தில் சிப்புக்குப் பூச்சியம் போய்க்கொண்டிருந்தது. அலை தொடங்குவதோ நடு எண்ணான 128இல். அந்தத் தாவல்தான் டொக். சும்மா இருக்கும்போதும் 128ஐயே அனுப்பும்படி புரோகிராமை மாற்றினேன். டொக் ஒழிந்தது. மறுபடி ஹெட்போனை மாட்டிவிட்டேன். விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் பொத்தானில் விரலை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படா தொடங்குவ?"

ஃபெக்டரிக்கு வந்து உங்களிடம் எல்லாம் சொன்னேன். வயர் தொங்கும் போர்டோடு ஒரு தமிழன் செக்பொயின்ட்டைக் குண்டென்று பிடிபடாமல் தாண்ட முடியாத யுத்த காலம் அது. அதனால் நீங்கள்தான் கடைக்கு வர வேண்டும் என்று கெஞ்சினேன்.

"அன்னிக்கு கேட்ட காது இன்னிக்கு கேக்கலயா? மெஷின நல்லாத்தான் திருத்தியிருக்கீங்க" என்றீர்கள். வரவில்லை. அண்ணன் ரோலர் அறையிலேயே கிடந்தார், மிச்சக் காதும் போகும் வரை.

எங்கள் அம்மா செத்த அன்று லயத்து வீட்டு வாசலில் தப்புப் பறை அடித்தார்கள். சுவரே அதிர்ந்தது. அண்ணன் உள்ளே அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து இழுத்து, வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"தப்படிக்க ஒருத்தனும் வரலயாடா? அம்மாவ இப்புடிச் சும்மாவா தூக்கிட்டுப் போறது?"

வெளியே அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அண்ணனுக்கு அதுவும் தெரியவில்லை.

டீமேக்கர் ஐயா, எனக்குத் தனியாக ஆள் அனுப்பிச் சமாதானம் சொல்ல வேண்டாம். பெரட்டுக்களத்துக்கு வாருங்கள். ஆட்கள் எல்லாரும் பேர் கொடுக்க நிற்கும் காலையில், என் அண்ணனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லுங்கள். ஏன் மறுபடி ஒரு தடவை வந்து பார்க்கவில்லை?