சுவிட்சு ஒரு ரூமில், லைட்டு இன்னொரு ரூமில்

இருபத்தைந்து வருடமாக ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் அவர். சாரத்தில் நின்று, வாயில் நாலு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு, நாள் முழுக்க அண்ணாந்தே இருப்பார். கூட வேலை பார்ப்பவர்கள் ‘மேல்பார்வை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான். ஆள் பேச்சில் கில்லாடி. நாலு பேர் கூடினால் சிரிக்க வைக்காமல் விடமாட்டார். அந்தப் பாழாய்ப்போன வாயைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி தையல் கம்பெனியில் பதினாறு வருடம் மெஷின் மேல் குனிந்தே கிடந்தவள். ஒருநாள் அவள் தம்பி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “தோள்ல இந்த இடத்தை அமுக்கினா, கண்ணுக்குப் பின்னாடி சுரீர்னு வலிக்குது.”

இவருக்கு அது போதாதா? “கேட்டியா மச்சான்! உங்கக்காவுக்கு சுவிட்சு ஒரு ரூம்ல, லைட்டு இன்னொரு ரூம்ல. வயரிங் பண்ணவனைத் தேடிப் பிடிக்கணும்!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் நெற்றியைப் பிடித்தாலே, “என்னம்மா, லைட்டு எரியுதா?” என்று பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டாள். உடம்பு வளையவில்லை என்று ஊரெல்லாம் சொன்னார் அவர்.

இந்த வருடம் அவர் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் அவள்தான் தைலம் தேய்த்தாள். எங்கே வலிக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கட்டைவிரல் நேராக அந்த இடத்துக்கே போகும். கைராசிக்காரி என்று நினைத்துக்கொண்டார், மனுஷன்.

கடைசியில் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் போனார். குப்புறப் படுக்கவைத்தாள். கட்டிலில் முகம் வைக்கும் ஓட்டை வழியாக அவள் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. தோளில் ஓரிடத்தை அழுத்தினாள்.

“ஐயோ, கண்ணு!”

“கண்ணுக்குப் பின்னாடிதானே? சதை முடிச்சு இங்க இருக்கும், வலி அங்க தெரியும். நிறைய பேருக்கு இப்படித்தான் சார்.”

முடி கனத்தில் ஓர் ஊசி. மருந்துகூடக் கிடையாது, வெறும் ஊசி. சதை ஒருமுறை துள்ளி அடங்கியது. ஊசியை எடுத்த பிறகும் அவர் எழவில்லை. செருப்புக்குப் பக்கத்தில் தரையில் கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“ரொம்ப வலிச்சிடுச்சா சார்?”

“ஊசி ஒண்ணும் பண்ணலைம்மா.”

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இங்க அமுக்கினா கண்ணுல வலிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சொன்னேனே. எல்லாரும் சிரிச்சீங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

“தப்பு பண்ணிட்டேன். நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன். வர்றியா?”

“இப்ப எதுக்குங்க. பழகிப் போச்சு.”

அவளுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து தோளில் கட்டைவிரலை வைத்தார். இங்கேயா, அங்கேயா என்று தடவித் தடவித் தேடினார். அவருக்கு இடம் தெரியவில்லை.

“எங்க வலிக்குது? சொல்லேன்.”

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.